ஐம்பது சென்டும் மூவாயிரம் புள்ளிகளும்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற முதுமொழி. அதைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள்: நோய் வந்தால் செல்வம் குறையும். இதுவும் உண்மையே. அவ்வாறு குறையும் செல்வம் யாருடைய பையிலிருந்து போக வேண்டும்? நோயுற்றவரின் பையிலிருந்தா? அவருடன் வேலை செய்யும் அனைவருடைய பையிலிருந்தும் சிறிது சிறிதாகவா? அல்லது அவரை வேலைக்கு வைத்திருக்கும் அரசின் கருவூலத்திலிருந்தா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் நிற்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் அவ்விவாதம் தெருவுக்கு வந்தபோதும் முன்னால் நின்றவர்கள் பள்ளி ஆசிரியர்களே. இடையில் சோதனை செய்வது எப்படி என்பதைப் பற்றிய நல்ல பாடம் ஒன்றும் இருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இக்கட்டுரையை எழுதத் தூண்டுதலாக இருந்தது அந்தப் பாடமே. அதை முறையாகத் தெரிந்துகொள்ள, முதலில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகருக்குச் செல்வோம்.

டல்லாஸ் நகர ஆசிரியர்கள்

1929ஆம் ஆண்டு. டல்லாஸிலுள்ள பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் என்பவர். அவர் மருத்துவர் அல்லர். அந்நகரின் பள்ளிகளை மேற்பார்வையிட்ட கல்வி அதிகாரியாக முன்பு இருந்தவர். மருத்துவமனையின் கணக்கேடுகளைப் புரட்டியபோது, கட்டணம் செலுத்தாதோர் பட்டியலில் தமக்குத் தெரிந்த பல பெயர்களை அவர் கண்டார். அவர்கள் நகரத்தின் பள்ளி ஆசிரியர்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்கள்தாம். ஆனால் ஒருமுறை நோயில் படுத்துவிட்டால், மருத்துவமனைக் கட்டணம் அவர்களுடைய சம்பளத்தை விழுங்கிவிட்டது.

ஆசிரியர்களுக்கென ஒரு நோய்க்கால உதவி நிதியைக் கிம்பல் முன்பே நடத்தியிருந்தார். ஆகவே ஓராண்டில் எத்தனை ஆசிரியர்கள் நோயுறுவார்கள், எத்தனை நாள் படுத்திருப்பார்கள் என்ற விவரம் அவர் கையில் இருந்தது. அந்த எண்களைக் கொண்டு அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 சென்ட், அதாவது அரை டாலர், செலுத்த வேண்டும். நோயுற்றால் ஆண்டுக்கு 21 நாள் வரை தனிக் கட்டணமின்றி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். 1929 டிசம்பரில் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். தொடங்கிய சில நாட்களுக்குள், பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்த ஓர் ஆசிரியை முதற் பயனாளி ஆனார்.

இத்திட்டத்தில் கிம்பல் விதித்த ஒரு நிபந்தனையை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆசிரியர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் சேர்ந்தால்தான் திட்டம் நடைமுறைக்கு வரும் என்றார் அவர். ஏன் தெரியுமா? சேர விரும்புவோர் மட்டும் சேரலாம் என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே நோயுள்ளவர்களே முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். நலமாக இருப்பவர்கள் ‘நமக்கெதற்கு?’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்போது 50 சென்ட் போதாது. ஒரு டாலர் கேட்க வேண்டும். உடனே இன்னும் சிலர் விலகுவார்கள். கட்டணம் மேலும் ஏறும். முடிவில் திட்டமே கவிழ்ந்துவிடும். ஓர் ஏற்பாட்டில் தாமாக வந்து சேருகிறவர்கள் எல்லாரையும் போன்றவர்கள் அல்லர் என்ற நுட்பமான உண்மையை அவர் உணர்ந்திருந்தார். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இதே உண்மை வேறொரு வேடத்தில் வரப்போகிறது.

போர்க்காலம் தந்த காப்பீடு

டல்லாஸ் திட்டத்தைப் பார்த்துப் பிற நகர மருத்துவமனைகளும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. ‘நீலச் சிலுவை’ என்று பொருள்படும் ‘புளூ கிராஸ்’ என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பதே அவற்றின் தொடக்கக் காலக் கொள்கை.

இரண்டாம் உலகப் போர் இதற்கு ஓர் எதிர்பாராத திருப்பத்தைத் தந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942இல் அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குத் தடை விதித்தது. ஆட்கள் தேவை, ஆனால் கூடுதல் சம்பளம் தர முடியாது. முதலாளிகள் என்ன செய்வார்கள்? சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டைத் தந்தார்கள். அதற்குத் தடை இல்லை. முதலாளி செலுத்தும் காப்பீட்டுக் கட்டணத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதை 1954இல் சட்டம் உறுதி செய்தது. 1940இல் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே மருத்துவமனைக் காப்பீடு இருந்தது. 1950இல் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைப் பெற்றிருந்தார்கள்.

இவ்வாறு, போர்க்காலத்தில் ஒரு நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு நிலையான வழக்கமாயிற்று. அமெரிக்காவில் வேலையும் மருத்துவக் காப்பீடும் ஒன்றோடொன்று பிணைந்தன. அரசு ஊழியர்களுக்கும் அப்படியே. மேற்கு வர்ஜீனியா மாநிலம் 1971இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தன் ஊழியர்களுக்கெனப் பொது ஊழியர் காப்பீட்டு நிறுவனத்தை அமைத்தது. ஆசிரியர்களும் அதில் அடங்குவர்.

ஆனால் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 1960இல் அமெரிக்காவின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த மருத்துவச் செலவு, 2018இல் 17 விழுக்காட்டையும் தாண்டியது. இந்தச் சுமையை ஏற்கப்போவது யார் என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

நடந்தால் பரிசு, நடக்காவிட்டால் தண்டம்

அப்போது பிறந்ததுதான் ‘உடல்நலத் திட்டம்’ என்ற கருத்து. ஊழியர்கள் உடற்பயிற்சி செய்து, எடையைக் குறைத்து, புகைபிடிப்பதை விட்டால் நோய் குறையும். நோய் குறைந்தால் செலவு குறையும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆகவே, அவ்வாறு செய்வோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகையும், செய்யாதோருக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கலாம் என்றார்கள்.

நோயுற்றவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுத்தது; ஆனால் உடல்நலத் திட்டங்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. குறிப்பிட்ட உடல்நல இலக்கை எட்டுவதைப் பொறுத்து, காப்பீட்டுச் செலவில் 20 விழுக்காடு வரை ஏற்றியும் இறக்கியும் வசூலிக்கலாம் என்று 2006இல் வந்த விதிகள் அனுமதித்தன. 2010இல் நிறைவேறிய சட்டம் இந்த வரம்பை 2014 முதல் 30 விழுக்காடாக உயர்த்தியது.

‘சலுகைதானே, தண்டம் இல்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். நிலையாற்றலை அளக்கும்போது சுழி மட்டத்தை எங்கு வைத்துக்கொள்வது என்பது நம் விருப்பம். மேசையின் மட்டத்தையும் கொள்ளலாம், தரை மட்டத்தையும் கொள்ளலாம். இரு நிலைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு மட்டும் மாறுவதில்லை. சலுகையும் தண்டமும் அப்படித்தான். எல்லாருக்கும் கட்டணத்தை 300 டாலர் ஏற்றிவிட்டு, நடப்பவர்களுக்கு 300 டாலர் குறைத்தால் அதற்குப் பெயர் பரிசு. கட்டணத்தை ஏற்றாமல், நடக்காதவர்களிடம் 300 டாலர் வாங்கினால் அதற்குப் பெயர் தண்டம். நடப்பவருக்கும் நடக்காதவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டிலும் ஒன்றே.

ஒரு பல்கலைக்கழகத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2013இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், தன் ஊழியர்கள் உடற்பரிசோதனை செய்துகொண்டு, உடல்நல வினாத்தாள் ஒன்றையும் நிரப்பித் தர வேண்டும் என்றது. செய்யாவிட்டால் மாதம் 100 டாலர் தண்டம். குடும்ப வாழ்க்கையின் அந்தரங்கங்களையும் அவ்வினாத்தாள் விடவில்லை. கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று பெண் ஊழியர்களிடம் கேட்டது. பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே தண்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது

இனி 2018க்கு வருவோம். மேற்கு வர்ஜீனியா மலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த சிறு மாநிலம். மக்கள் தொகை ஏறத்தாழ 18 லட்சம். ஆசிரியர் சம்பளத்தில் அமெரிக்க மாநிலங்களிடையே அது 48ஆம் இடத்தில் இருந்தது. சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 டாலர்.

அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டு நிறுவனம் அவ்வேளையில் சில மாற்றங்களை அறிவித்தது. காப்பீட்டுக் கட்டணம் உயரும். அதுவரை ஊழியரின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்ட கட்டணத்தை, இனி கணவன் மனைவி இருவருடைய வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இவற்றோடு ‘கோ365’ என்ற கைப்பேசிச் செயலி ஒன்றும் வந்தது. ஊழியர்கள் அதில் பதிவு செய்துகொண்டு, நடந்த அடிகளையும் பிற உடல்நல விவரங்களையும் காட்டி ஓராண்டில் 3,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதல் கட்டணம். அதுமட்டுமன்று, அமெரிக்கக் காப்பீட்டில், ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நோயாளி தம் கைப்பணத்திலிருந்து செலவு செய்த பிறகே காப்பீடு உதவிக்கு வரும். அந்தத் தொகையும் 500 டாலர் கூடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 300. நோயுற்ற ஆண்டில் இன்னும் 500. ஆக 800 டாலர். அதே காலத்தில் சட்டமன்றம் ஆசிரியர்களுக்கு முதலாண்டில் தர முன்வந்த சம்பள உயர்வு 2 விழுக்காடு. 45,000 டாலரில் 2 விழுக்காடு 900 டாலர். ஒரு கை தந்ததை மற்றொரு கை ஏறத்தாழ முழுவதுமாக எடுத்துக்கொள்ளக் கூடிய நிலை! காப்பீட்டுக் கட்டண உயர்வு இக்கணக்கில் சேரவில்லை.

அடிகளை எண்ணும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். கைக்கடிகாரம் போல் அணியும் இக்கருவிக்குள் மிகச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று நுண்ணிய வில்கள் போன்ற இழைகளில் தொங்குகிறது. கை அசையும்போது அத்துண்டு இடம் பெயர்கிறது. அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையேயுள்ள மின்தேக்குத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட்டு, சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவை ‘அடி’ என்று கொள்கிறது கருவி. வியக்கத்தக்க பொறியே. ஆனால் அது அளப்பது முடுக்கத்தை. நாள் முழுவதும் கரும்பலகை முன் நின்ற காலின் வலியையோ, வீட்டில் படுத்திருக்கும் தாயைப் பேணிவிட்டு வந்த களைப்பையோ அது அளப்பதில்லை.

ஆசிரியர்களின் மனக்குறை பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. தம் உடலைப் பற்றிய விவரங்களை ஒரு நிறுவனத்தின் செயலியிடம் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்துவது தம் மதிப்புக்கு இழுக்கு என்று அவர்கள் கருதினார்கள். எதிர்ப்பு வலுக்கவே, 2018 தொடக்கத்தில் ஆளுநர் ஜிம் ஜஸ்டிஸ் (அங்கு ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்) செயலித் திட்டத்தைக் கைவிடச் செய்தார். வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் நிறுத்தப்பட்டது. ஆனால் மூண்ட தீ அணையவில்லை.

அம்மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்குச் சட்டப்படி வேலைநிறுத்த உரிமை இல்லை. 1990இல் ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் 55 மாவட்டங்களில் 47 மட்டுமே கலந்துகொண்டன. 2018 பிப்ரவரி 22ஆம் நாள் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 20,000 ஆசிரியர்களுடன் பேருந்து ஓட்டுநர்களும் சமையலர்களும் சேர்ந்தார்கள். பள்ளி உணவை நம்பியிருந்த பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாதென்று, ஆசிரியர்கள் உணவுப் பொட்டலங்கள் கட்டி வழங்கினார்கள். 1921இல் பிளேர் மலையில் போராடிய நிலக்கரித் தொழிலாளர்களை நினைவுகூர்ந்து பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்தார்கள்.

பிப்ரவரி 27ஆம் நாள் ஆளுநர் 5 விழுக்காடு உயர்வு தருவதாக அறிவித்தார். சங்கத் தலைவர்கள் பணிக்குத் திரும்பச் சொன்னார்கள். ஆசிரியர்கள் திரும்பவில்லை. ‘சம்பளம் சரி, காப்பீட்டுக்கு என்ன வழி?’ என்பது அவர்கள் கேள்வி. செனட் சபை 4 விழுக்காடு என்று குறைக்கப் பார்த்ததும் உறுதி மேலும் வலுத்தது. மார்ச் 6ஆம் நாள் எல்லா அரசு ஊழியர்களுக்கும் 5 விழுக்காடு உயர்வு சட்டமாயிற்று. கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டு, காப்பீட்டை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. மறுநாள் பள்ளிகள் திறந்தன. அவ்வாண்டிலேயே ஓக்லஹோமாவிலும் அரிஸோனாவிலும் ஆசிரியர்கள் பணியை நிறுத்திப் போராடினார்கள்.

சோதனை சொன்னது என்ன?

நடக்கச் செய்தால் செலவு குறையும் என்ற அடிப்படையாவது சரிதானா? 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேதரின் பெய்க்கர் முதலியோர், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். உடல்நலத் திட்டத்தில் ஒரு டாலர் செலவிட்டால் மருத்துவச் செலவில் 3 டாலர் 27 சென்ட் மிச்சமாகிறது என்ற விடை கிடைத்தது. இது பெரிதும் பேசப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வுகளில் பல, திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டவை. நீங்கள் மாணவரானால் இதை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு நடக்கிறது, விருப்பமுள்ளோர் வரலாம். வந்தவர்களின் சராசரி மதிப்பெண் 70. வராதவர்களின் சராசரி 50. ‘என் வகுப்பால் 20 மதிப்பெண் கூடிற்று’ என்று ஆசிரியர் மார்தட்டலாமா? சனிக்கிழமையும் வகுப்புக்கு வருகிற மாணவன் முன்பே ஆர்வமுள்ளவன் அல்லனா? தனி ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாமல் வைக்கிறோம். நீளத்தோடு ஊசல் குண்டையும் வீச்சையும் சேர்த்து மாற்றிவிட்டால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது.

மனிதர்களிடத்தில் ‘மற்றவற்றை மாற்றாமல் வைப்பது’ எப்படி? குலுக்கல்தான் வழி. யார் திட்டத்தில் சேர்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கிப் போட்டால், ஆர்வமுள்ளோரும் இல்லாதோரும் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு இவ்வாறுதான் நடந்தது. 4,834 பல்கலைக்கழக ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தைத் தந்தார்கள். முதலாண்டு முடிவில் மருத்துவச் செலவிலோ உடற்பயிற்சிப் பழக்கத்திலோ இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறொன்றும் தெரிந்தது: திட்டத்தில் முன்வந்து பங்குகொண்டவர்கள், திட்டம் தொடங்கும் முன்பே குறைந்த மருத்துவச் செலவு உடையவர்கள்! இதே ஊழியர்களின் விவரங்களைப் பழைய முறையில் ஒப்பிட்டபோது, பழைய ஆய்வுகள் சொன்னது போன்ற நற்பயன் ‘தெரிந்தது’. குலுக்கல் முறையில் பார்த்தபோது அது மறைந்தது.

மற்றோர் ஆய்வு ‘பி.ஜேஸ்’ என்ற வணிக நிறுவனத்தின் 160 பணியிடங்களில், ஏறத்தாழ 33,000 தொழிலாளர்களிடையே நடந்தது. குலுக்கலில் தேர்ந்த 20 பணியிடங்களில் மட்டும் திட்டம் நடத்தப்பட்டது. 2019இல் முடிவுகள் வெளிவந்தன. ‘முறையாக உடற்பயிற்சி செய்கிறோம்’ என்று சொன்னவர்கள் அங்கு அதிகம். ஆனால் 18 மாதம் கழித்தும் எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு நாட்கள் எவற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவ்வாய்வை நடத்திய இருவரும், 2010இல் அந்த 3 டாலர் 27 சென்ட் கணக்கைச் சொன்னவர்களுள் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் பழைய முடிவைத் தாமே கடுமையான சோதனைக்கு உட்படுத்திய அவர்களை நாம் பாராட்ட வேண்டும்.

நடப்பது உடலுக்கு நல்லதன்று என்று இதற்குப் பொருள் இல்லை. தாராளமாக நடங்கள். வேலையிடத் திட்டம் வைத்து, பரிசையும் தண்டத்தையும் காட்டிச் செலவைக் குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்குத்தான் சான்று கிடைக்கவில்லை. செலவு குறையாவிட்டால் தண்டம் என்ன செய்கிறது? புள்ளி சேர்க்க இயலாதவர் பையிலிருந்து பணத்தை எடுத்துச் சேர்த்தவரின் சுமையைக் குறைக்கிறது. புள்ளி சேர்ப்பது யாருக்கு எளிது? ஏற்கெனவே நலமாக இருப்பவருக்கு.

வரலாறு திரும்பிப் பார்க்கிறது

மேற்கு வர்ஜீனியாவின் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. 2023இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, காப்பீட்டுச் செலவில் அரசு 80 பங்கும் ஊழியர் 20 பங்கும் ஏற்கும் நிலையை மீட்பதற்காக, ஊழியர் கட்டணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்ந்தது. சம்பளமும் சிறிது உயர்த்தப்பட்டது. செயலியும் தண்டமும் திரும்பவில்லை.

1929இல் கிம்பல் ஆசிரியர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் சேர வேண்டும் என்றார். நலமானவரும் நோயாளியும் ஒரே 50 சென்ட் தந்தார்கள். பனியில் வழுக்கி விழுந்த ஆசிரியையிடம் ‘நேற்று எத்தனை அடி நடந்தீர்கள்?’ என்று யாரும் கேட்கவில்லை. தாமாக வந்து சேர்பவர்கள் எல்லாரையும் போன்றவர்கள் அல்லர் என்பதை அறிந்திருந்த அவர், அதற்கேற்பத் திட்டத்தை அமைத்தார். தொண்ணூறு ஆண்டுக்குப் பின் வந்தவர்கள் அதை மறந்து, நலமானவர்கள் திட்டத்தில் சேர்ந்ததைப் பார்த்துத் திட்டமே அவர்களை நலமாக்கியது என்று எண்ணிவிட்டார்கள்.

அடுத்த முறை ‘இதைச் செய்தவர்கள் இவ்வளவு பயன் அடைந்தார்கள்’ என்று ஒரு புள்ளிவிவரம் உங்கள் கண்ணில் பட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செய்தவர்கள் யார், செய்யாதவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன் யாரிடமும் தண்டம் வாங்குவது முறையாகாது.